‘மருந்து இல்லை’ என்று போட்ட கையெழுத்து

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம், என் தையல் மிஷின் சுகம், மாடிக் குழாயில் தண்ணீரும் ஒழுங்காக வருகிறது. உன் அப்பா உடம்பளவில் சுகம், மனசளவில் எப்படி என்று கேட்டால் அதை அவர் எனக்கே சொல்வதில்லை. நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்கு நன்றாகப் போர்த்திக்கொண்டு நல்லபடியாக இருக்க வேண்டும். இதைப் போனில் சொல்லாமல் ஏன் இத்தனை பக்கம் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். வீட்டில் பேசினால் அப்பா காதில் விழும், தையல் கடையில் பேசினால் காஜா எடுக்கிற பெண் ஊசியை நிறுத்திவிட்டுக் கேட்பாள், நான் ரகசியம் பேசினாலே நாலு வீட்டுக்குக் கேட்கும் என்று நீயே கேலி செய்திருக்கிறாய். அதோடு போனில் நீ சட்டென்று பேச்சை மாற்றிவிடுவாய், கடிதத்தில் அது நடக்காது. உறையை நானே பசை தடவி ஒட்டி, ஓரத்தில் பச்சை நூலால் ஒரு தையலும் போட்டிருக்கிறேன். தையல் பிரிந்திருந்தால் வழியில் யாரோ படித்துவிட்டார்கள் என்று அர்த்தம், எனக்குச் சொல்.

விஷயத்துக்கு வருகிறேன், உட்கார்ந்துகொண்டு படி. அப்பாவை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். பழைய லீவு நிறைய மிச்சம் கெடக்கு, அதைத்தான் கழிக்கிறேன் என்று உன்னிடம் போனில் சொன்னாரே, அது பொய், பக்கத்தில் நின்று ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிய நானும் அதில் கூட்டு. இருபத்தெட்டு வருடம் ரயிலில் சரக்கு வண்டி ஓட்டியவர், ஒரு தடவைகூடச் சிவப்பு சிக்னலைத் தாண்டாதவர், டீயில் ஒரு கரண்டி சர்க்கரை கூடினாலே முகம் சுளிக்கிறவர், அவருடைய சிறுநீரில் போதைப்பொருள் இருந்ததாம். எழுதும்போதே எனக்குக் கை கூசுகிறது. காகிதத்தில் அப்படித்தான் அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள், கீழே இரண்டு கையெழுத்து, ஒரு முத்திரை. மேல்முறையீட்டு விசாரணை வருகிற இருபத்து நான்காம் தேதி. அதிலும் தோற்றால் வேலையும் போச்சு, பேரும் போச்சு, அதற்கப்புறம் எந்த எஞ்சின் ஷெட்டும் அவரை வாசலில்கூட நிற்க விடாது.

நடந்தது என்னவென்றால், வண்டி ஏறுமுன் வாயில் குழாய் வைத்து ஊதுவது அவர்களுக்குத் தினமும் உள்ளதுதான், குடித்திருக்கிறார்களா என்று பார்ப்பதற்கு. இந்த வருடம் புதிதாக வெளிக் கம்பெனி ஒன்றுக்கு ஒப்பந்தம் கொடுத்து, திடீர் திடீரென்று யாரையாவது கூப்பிட்டுச் சிறுநீரும் சோதிக்கிறார்கள். யாரைக் கூப்பிடுவது என்று கம்ப்யூட்டரே பெயர் எடுக்கிறதாம், அந்தக் கம்ப்யூட்டர் மேலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அப்பா பெயர் வந்திருக்கிறது. கையுறை போட்ட ஒரு பெண் பெட்டியோடு உட்கார்ந்து, படிவத்தைப் பார்த்து வரிசையாகக் கேட்டிருக்கிறாள். வயது என்ன, எத்தனை மணிக்கு வேலைக்கு வந்தீர்கள், கடைசி முப்பது நாளில் மருந்து எதுவும் எடுத்தீர்களா. இந்தக் கடைசிக் கேள்வியில்தான் உன் அப்பா விழுந்தார். ஊரெல்லாம் குடிக்கிற சமாச்சாரத்தைச் சரக்கு என்பார்கள், ஆனால் சரக்கு வண்டி ஓட்டுகிற கூட்டம் அப்படிச் சொல்ல முடியுமா, சரக்கு ஏற்றியாச்சா என்று ஒருத்தர் கேட்டால் இன்னொருத்தர் எதை நினைப்பது? அதனால் அவர்கள் பாஷையில் அதற்குப் பேர் மருந்து. தினமும் குழாயை நீட்டுகிற குமாஸ்தாவும் மருந்து உண்டா என்றுதான் கேட்பார், இவர்களும் இல்லை இல்லை என்று சொல்லிவிட்டு ஊதுவார்கள். அந்தப் பெண்ணுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? அவள் டாக்டர் மருந்தைக் கேட்டாள், இவர் பாட்டிலை நினைத்துக் கோபப்பட்டு, என் ஆயுசுல நான் மருந்து தொட்டதே இல்லம்மா, யாரை வேணா கேட்டுப் பாரு என்று குரலை உயர்த்தியிருக்கிறார். அவள் மருந்து இல்லை என்று எழுதி, எதிரே ஒரு கட்டத்தில் டிக் போட்டு நீட்ட, இவர் பெருமையாகக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டார்.

பத்தாம் நாள் ஷெட் மேலாளர் கூப்பிட்டனுப்பினார். நாற்காலி கொடுக்கவில்லையாம், அதை மூன்று தடவை சொன்னார். அடையாள அட்டை, கைவிளக்கு, அலமாரிச் சாவி எல்லாவற்றையும் மேஜைமேல் வைக்கச் சொல்லி ஒவ்வொன்றுக்கும் ரசீது எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த ரசீதை இவர் பத்திரமாக மடித்துக்கொண்டு வந்து என்னிடம் கொடுத்துவிட்டு, சட்டையைக் கழற்றாமல் அப்படியே கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என்னமோ தப்பு நடந்துருக்கு என்றார்.

என் புத்தி உனக்குத் தெரியும். தப்பு தானாக நடக்காது, யாராவது நடத்த வேண்டும் என்று நினைக்கிறவள் நான். அன்றைக்கே ஒரு நோட்டை எடுத்து உட்கார்ந்துவிட்டேன். முதல் ஆள் மேலாளர். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு வண்டியின் பிரேக் சரியில்லை என்று அப்பா குறைப் புத்தகத்தில் எழுதிவிட்டு, இதைச் சரி பண்ணாம வண்டியை எடுக்க மாட்டேன் என்று நின்றுவிட்டார், நாலு மணி நேரம் வண்டி கிளம்பவில்லை, மேலாளர் மேலிடத்தில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். அதற்குப் பழி வாங்க அவர்தான் இந்தப் பெயரைக் கம்ப்யூட்டரில் சொருகினார் என்று எனக்கு மூக்கில் வேர்த்தது, இன்றைக்கு வரைக்கும் அந்த வேர்வை முழுசாகக் காயவில்லை. அடுத்த ஆள் அந்தப் பெட்டிக்காரப் பெண். குப்பியை உங்க கண் முன்னாடியே மூடி முத்திரை வச்சாளா என்று அப்பாவைத் துளைத்தெடுத்தேன், வச்சாள், நானே பார்த்தேன் என்கிறார். நடுவில் எப்பவாவது குனிந்தாளா என்று கேட்டேன், மனுஷி பேனாவை எடுக்கக் குனியக்கூடாதா என்று என்னிடம் எரிந்து விழுந்தார்.

மூன்றாவது ஆள் அப்பாவோடு எஞ்சினில் வருகிற உதவி டிரைவர், நாம் எல்லாரும் நெட்டையன் என்று கூப்பிடுவோமே அவன்தான். அப்பா இடம் காலியானால் அடுத்து ஏறுகிறவன் அவன். டீயை ஊற்றிக் கொடுப்பவனும் அவன், அப்புறம் எனக்கு வேறு என்ன வேண்டும்? அவன் வீட்டு ஜன்னல் திரைக்கு அளவெடுக்கிற சாக்கில் போனேன். டேப்பைப் பிடித்துக்கொண்டே அலமாரி, சமையலறைத் தட்டு, கூடை எல்லாவற்றையும் ஒரு நோட்டம் விட்டேன். அவன் மனைவி கொடுத்த டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தேன், அதைப் பார்த்துவிட்டான் போலிருக்கிறது. உள்ளே போய் ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தான். பதினோரு வருடம் அவரோடு எஞ்சினில் ஓடியிருக்கிறேன், அவர் கையால் ஒரு தப்புக் காரியம் பார்த்ததில்லை என்று நிர்வாகத்துக்கு எழுதி, கீழே ஷெட்டில் நாற்பது பேரிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறான். அண்ணி, நீங்க எதுக்கு வந்தீங்கன்னு எனக்குத் தெரியும், பரவால்ல, டீயைக் குடிங்க என்றான். எனக்கு எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அந்தத் திரையைக் கூலி வாங்காமல் தைத்துக் கொடுத்தேன்.

அடுத்ததை எழுத வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் உன்னிடம் மறைத்தால் பிறகு உன்னிடம் கேட்கிற தகுதி எனக்கு இருக்காது. வெளியில் சந்தேகப்பட ஆள் தீர்ந்ததும் நான் உன் அப்பாவையே சந்தேகப்பட்டேன். முப்பது வருடம் கூடப் படுத்து எழுந்தவளுக்குத் தெரியாமல் மனுஷன் எதையாவது பழகியிருப்பாரோ, இரண்டு நாள் மூன்று நாள் வண்டியிலேயே இருக்கிறாரே, யார் கண்டது என்று ஒரு நினைப்பு. துவைக்கப் போட்ட சட்டைகளின் பைகளைத் திருப்பிப் பார்த்தேன், காலரை முகர்ந்தேன். நிமிர்ந்தால் அவர் வாசற்படியில் நிற்கிறார். என்ன வாசனை வருது என்று கேட்டார். டீசல் என்றேன். அவ்வளவுதான் வரும் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். இரண்டு நாள் நான் வைத்ததை மட்டும் சாப்பிட்டார், தட்டை அவரே கழுவி வைத்தார்.

மூன்றாம் நாள் சங்கச் செயலாளர் வீட்டுக்கு வந்தார். நல்ல மனுஷராகத்தான் தெரிகிறார், வழக்கம்போல முதல் பத்து நிமிடம் அவரையும் நோட்டம் பார்த்தேன். அவர்தான் கேட்டார், யாரு செஞ்சாங்கன்றதை விடுங்கம்மா, சோதனைக்கு முன்னாடி ஒரு வாரம் இவரு என்னென்ன வாயில போட்டாரு, ஒண்ணு விடாம யோசிச்சு எழுதுங்க என்று. அவர் போன பிறகு எழுத ஆரம்பித்தேன். ஞாயிற்றுக்கிழமை அப்பா நீண்ட ஓட்டம் முடித்து வந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். ரயில் டாக்டரிடம் போகச் சொன்னால் போக மாட்டார், டிரைவர் இடுப்பு வலி என்று சொன்னால் வண்டியிலிருந்து இறக்கி, யார்டில் பெட்டி நகர்த்துகிற வேலையில் போட்டுவிடுவார்களாம். அதனால் நான்தான் குளியலறை அலமாரியைத் துழாவி, நீ போன தடவை வந்தபோது விட்டுப்போன ஆரஞ்சு நிறக் குப்பியிலிருந்து இரண்டு மாத்திரை எடுத்து வெந்நீரோடு கொடுத்தேன். திங்கள்கிழமை காலை இன்னும் ஒன்று. நீ அதை முழுங்கும்போது என்ன அது என்று நான் கேட்டதற்கு, சாதா தலைவலி மாத்திரைம்மா என்றாயே, அந்தத் தைரியத்தில் கொடுத்தேன். ஆக, நோட்டுப் போட்டு ஊர் முழுக்கத் தேடிய ஆள் நான்தான். பேனாவைக் கீழே வைத்துவிட்டு அழுதேன்.

மறுநாள் அந்தக் குப்பியைப் பைக்குள் போட்டுக்கொண்டு முனையில் இருக்கிற மருந்துக் கடைக்குப் போனேன். அதில் ஒட்டியிருந்த காகிதம் நீ இருக்கிற நாட்டு எழுத்தில் இருந்தது, உன் பெயரும் தேதியும் மாத்திரையின் பெயரும் மட்டும் நாம் படிக்கிற மாதிரி இங்கிலீஷில். கடைக்காரர் மாத்திரைப் பெயரைப் பார்த்ததுமே கண்ணாடியை இறக்கி என்னை ஒரு மாதிரி பார்த்தார். இது சும்மா கிடைக்கிற மாத்திரை இல்லம்மா, கடுமையான வலிக்குக் கொடுக்கிறது, சிறுநீர்ல போதைப்பொருள்னுதான் காட்டும் என்றார். பிறகு கைபேசியால் அந்தக் காகிதத்தைப் படம் பிடித்து நம் பாஷையில் மாற்றிக் காட்டினார். ஒரு ஆஸ்பத்திரியின் பெயர், முகவரி, கீழே இப்படி இருந்தது: அறுவை சிகிச்சைக்குப் பின் வலிக்கு, எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ஒன்று. தேதியைப் பார்த்தேன். நீ இங்கே வருவதற்கு மூன்று வாரம் முன்னால். ஆபீஸ் வேலையாக வேறு ஊருக்கு அனுப்பியிருக்கிறார்கள், அங்கே போன் சரியாகக் கிடைக்காது என்று சொல்லி நீ எங்களோடு பேசாமலிருந்த அதே நாட்கள்.

நீ வந்து இறங்கிய அன்று வண்டியிலிருந்து உன் பெட்டியை நீ தூக்கவில்லை. அப்பாதான் இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறினார். வெளிநாட்டுக்குப் போனதும் மகாராணிக்குப் பெட்டி தூக்க ஆள் வேண்டியிருக்கோ என்று நான் குத்திக் காட்டினேன், நீ சிரித்தாய். பத்து நாளும் வயிற்றருகே தலையணையை வைத்துக்கொண்டே உட்கார்ந்தாய், குனியாமல் காலால் செருப்பைத் தேடினாய், அதையெல்லாம் சோம்பல் என்று நினைத்தேன். எலி ஓடினால்கூட யார் அனுப்பியது என்று கேட்கிறவள், பெற்ற மகளை அன்றைக்கு ஒரு துளி சந்தேகப்படவில்லை. அது எனக்குத் தாங்கவில்லை.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவார், ஏன்டி கொடுத்தே என்று கேட்பார் என்று நினைத்தேன். குப்பியை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, உன் பெயர் இருந்த இடத்தைக் கட்டைவிரலால் தேய்த்தபடி ரொம்ப நேரம் பார்த்தார். என்ன ஆபரேஷன்னு போட்டிருக்கா என்று மட்டும் கேட்டார். போடலை என்றேன். சங்கச் செயலாளரிடம் நான் யார் மாத்திரை என்று சொல்லாமல் பொதுவாகக் கேட்டிருந்தேன், அவர் சொன்னதையும் இவரிடம் சொன்னேன்: மாத்திரைக் குப்பியையும், யாருக்குக் கொடுத்ததோ அவர்களுடைய ஆஸ்பத்திரிக் காகிதத்தையும் விசாரணையில் வைத்தால், போதை என்கிற குற்றம் போய்விடும், சொல்லாமல் மாத்திரை சாப்பிட்டார் என்கிற சின்னக் குற்றம்தான் நிற்கும், கொஞ்ச நாள் யார்டில் போட்டாலும் வேலை மிஞ்சும். அந்த மருந்துக் கூத்துக்கும் ஷெட் ஆட்களே வந்து சாட்சி சொல்வார்களாம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அப்பா, புள்ள நம்மகிட்டயே சொல்லாத ஒண்ணை, மூணு ஆபீசருங்க மேஜையில நான் கொண்டுபோய் வைக்கணுமா, வேலை போனா போயிட்டுப் போகுது என்றார். குப்பியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு அது என் கண்ணில் படவில்லை.

அடுத்த நாளிலிருந்து காலையில் ஒன்பது மணிக்குச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்ப ஆரம்பித்தார். எங்கே என்றால் சும்மா என்பார். குப்பியை ஆற்றில் வீசப் போகிறாரோ, இல்லை மேலாளர் வீட்டு வாசலில் போய் நிற்கிறாரோ என்று எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நேற்று கடைக்கு லீவு சொல்லிவிட்டு, தலையில் முக்காடு போட்டுக்கொண்டு அவர் பின்னாலேயே போனேன், இந்த வயதில் இந்தப் பிழைப்பு எனக்கு. இரண்டு பஸ் மாறினார். ஒரு பெரிய கட்டடத்துக்குள் நுழைந்தார். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தால் வரிசையாக நாற்காலிகள், கவுண்டர்கள், விசா விண்ணப்பம் வாங்குகிற அலுவலகம். நீ முன்பு சண்டை போட்டு எடுக்க வைத்தாயே அந்தப் பாஸ்போர்ட் அவர் முழங்கால்மேல் இருக்கிறது. கதவை ஒட்டிய மேஜையில் குப்பியை நிறுத்தி வைத்துக்கொண்டு, அதில் இருக்கிற ஆஸ்பத்திரி முகவரியை ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்து, படம் வரைகிற மாதிரி படிவத்தில் வரைந்துகொண்டிருந்தார். தங்கப் போகிற இடம் என்ற கட்டத்தில். உன் வீட்டு முகவரி என் டைரியில் இருக்கிறது, கேட்டால் நான் துருவுவேன் என்று பயந்து கேட்கவில்லை. இப்போதும் நீ அந்த ஆஸ்பத்திரியில்தான் படுத்திருக்கிறாய் என்று நினைக்கிறாரோ என்னவோ. நான் உள்ளே போகவில்லை. வந்த வழியே திரும்பிவிட்டேன்.

இன்று அவர் குளிக்கும்போது சட்டைப் பையைப் பார்த்தேன், ஆமாம், மறுபடியும் பார்த்தேன். குப்பி இருக்கிறது, பத்திரமாக இருக்கிறது. கூடவே ஒரு சீட்டு, விசா நேர்காணலுக்கு நாள் கொடுத்திருக்கிறார்கள். இருபத்து நான்காம் தேதி காலை பத்து மணி. விசாரணையும் அதே நாள், அதே பத்து மணி, ஊரின் இன்னொரு கோடியில். தேதியை மாற்றித் தரச் சொல்லி அவர் இரண்டு இடத்திலும் கேட்ட மாதிரி தெரியவில்லை. அவர் எங்கே போகப் போகிறார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கண்ணே, உன்னை நான் குற்றம் சொல்லவில்லை. சாதா மாத்திரை என்று நீ சொன்னது எங்களைப் பயமுறுத்தாமல் இருக்கத்தான் என்று எனக்குப் புரிகிறது, நாங்களும் லீவு என்று உனக்குச் சொன்னோம், இரண்டும் ஒரே வீட்டுப் பழக்கம். என்ன ஆபரேஷன் என்று மனசு என்னென்னவோ நினைக்கிறது, பித்தப்பையா, குடலா, நான் எழுதக் கூசுகிற வேறு எதுவுமா, எதுவாக இருந்தாலும் நீ என் மகள், நான் ஒரு வார்த்தை திட்ட மாட்டேன். தனியாகப் படுத்திருந்தாயே, யார் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்கள் என்பதுதான் என்னைத் தூங்க விடவில்லை. ஆஸ்பத்திரிக் காகிதத்தை அனுப்புவதும் அனுப்பாததும் உன் இஷ்டம், அனுப்பாவிட்டால் நான் மறுபடி கேட்க மாட்டேன். ஆனால் இது கையில் கிடைத்ததும் அப்பாவைக் கூப்பிடு. என்னை வேண்டாம், அவரை. அவருக்குப் பொய்யைக் கண்டுபிடிக்கத் தெரியாது, அதனால் அவரிடம் பொய் சொல்லாதே. நீ எழுந்து நடமாடுகிறாய், நன்றாக இருக்கிறாய் என்று உன் வாயால் கேட்டால் அவர் விசாரணைக்குப் போவார், கேட்காவிட்டால் விசாவுக்குப் போவார். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பார். அவர் போன் அடித்து உன் பெயர் தெரிந்தால் நான் பையை எடுத்துக்கொண்டு மூன்று மாடியும் இறங்கித் தெருமுனைக்குப் போய்விடுவேன். கதவுக்குப் பின்னால் நிற்க மாட்டேன். திரும்பி வந்து என்ன பேசினீர்கள் என்று கேட்கவும் மாட்டேன். நான் இப்படி எழுதுவதை உன்னால் நம்ப முடியாது, இந்த ஒரு தடவை நம்பு.

நீ நோய் நொடி இல்லாமல், மனசில் பாரம் இல்லாமல், நூறு வருடம் நன்றாக இருக்க வேண்டும். இதை விரைவுத் தபாலில் போடுகிறேன், ஐந்து நாளில் வரும் என்று கவுண்டரில் சொல்கிறார்கள், நான் எட்டு நாள் என்று கணக்கு வைத்திருக்கிறேன். இன்று எட்டாம் தேதி. இருபத்து நான்குக்கு முன்னால் என்பதை மறந்துவிடாதே.

உன்னைச் சந்தேகப்படத் தவறிய
உன் அம்மா